கிறிஸ்மஸ் அல்பம்: மட்டக்களப்பில் கொயரையும் வயலினையும் எப்படி ரெக்கோட் பண்ணுவது?

வாவிக்கரை:
எட்டுப் பாட்டு, ஒரு பாடகி, பின்னணியில் 24 பேர் கொயர் (கூட்டுப் பாடகர் குழு: சோப்ரானோ என்கிற உயர்ந்த பெண்குரல் 9, ஆல்டோ என்கிற தாழ்ந்த பெண்குரல் 7, ஆண்கள் 8). முழு ஓகெஸ்ட்ரா சத்தம் வேணும் என்பது பாடகியின் விருப்பம். கையில் இருப்பதோ நாலு வயலின், ஒரு புல்லாங்குழல், கீபோட். வயலின்காரர் நாலு பேரும் கர்நாடக முறையில் படித்தவர்கள். புளியந்தீவில் ஒரு பழைய கோயிலை (தேவாலயம்) இரவில் தருவார்கள்: உயரமான ஓட்டுக்கூரை, சிமெந்துத் தரை. ஒரே மாதிரியான சின்னக் கண்டென்சர் மைக் இரண்டு, பெரியது ஒன்று, எட்டு இன்புட் இன்டர்பேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கிற பெட்டி) இருக்கு. எல்லாரையும் ஒன்றாக நிற்க வைத்து ஒரே அடியில் எடுக்கலாமா? நவம்பரில் தொடங்கினால் காணுமா?

மேசைக்குப்பின்:
நவம்பர் வேண்டாம். மாரி தொடங்கினால் ஓட்டில் விழுகிற மழையை எந்த மென்பொருளாலும் வடிவாக எடுக்கேலாது. மழை விட்டால் தவளை. ஆகஸ்டும் செப்டெம்பரும்தான் நல்லது. ஆனால் ஆடி அமாவாசையை ஒட்டி மாமாங்கத் திருவிழா ஒலிபெருக்கிகள், செப்டெம்பரில் ஆயித்தியமலைத் திருவிழாவுக்குப் போகிற கொயர்க்காரர், இரண்டையும் பார்த்து நாள் குறியுங்க. கச்சான் காற்று அடிக்கிற நாளில் ஜன்னல் கதவெல்லாம் தாளம் போடும், அட்டை மடித்துச் செருகணும். நேரம் இரவு பத்துக்குப் பிறகு. விடியச் சுபஹு பாங்கும் காகமும் தொடங்க முதல் முடிச்சிரணும்.

ஒரே அடியில் எடுப்பதும் சரிவராது. 24 பேரின் சத்தம் வயலின் மைக்குக்குள்ளும் பாடகி மைக்குக்குள்ளும் புகும். ஆல்டோவில் ஒருத்தர் சொல் பிழைத்தாலும் எல்லாரும் திரும்பப் பாடணும். முதலில் வழிகாட்டிப் பியானோவும் பாடகியின் தற்காலிகக் குரலும். அதன் மேல் கீபோட்டில் சாம்பிள் ஓகெஸ்ட்ரா (முன்பே பதிந்துவைத்த வாத்தியச் சத்தங்கள்). மறுகா கொயர், வயலின். பாடகியின் இறுதிக்குரல் கடைசியில்.

கொயருக்கு அரைவட்டமாக மூன்று வரிசை, பின்வரிசை வாங்கில் ஏறி நிற்கட்டும். சின்ன மைக் இரண்டையும் ஒரே ஸ்டாண்டில், தலைகளுக்கிடையே 17 சென்ரிமீற்றர், கோணம் 110 பாகை. முன்வரிசையிலிருந்து இரண்டரை முதல் மூன்று மீற்றர் தள்ளி, மூன்று மீற்றர் உயரத்தில். கிட்டப் போனால் நடுவில் நிற்கிற மூன்று பேர் மட்டும் தெரிவார்கள், தூரப் போனால் எதிரொலி சொல்லை விழுங்கும். நடுவில் நின்று ஒருதரம் கை தட்டிப் பாருங்க. 'டர்ர்' என்று சுவருக்குச் சுவர் துள்ளினால் பக்கச் சுவரில் பாய், மெத்தை தொங்கவிடணும். பதிவு மட்டம் உச்சத்தில் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம். கடைசிப் பாட்டில் எல்லாரும் உற்சாகத்தில் கத்துவார்கள்.

கிளிக் (தாளம் பிசகாமல் ஹெட்போனில் கேட்கிற 'டிக் டிக்') எல்லாருக்கும் தேவையில்லை. கைகாட்டுபவருக்கும் ஒவ்வொரு குரலிலும் ஒருவருக்கும் ஒற்றைக் காதில் மூடின ஹெட்போன் காணும். அதிலும் கிளிக்கைவிடப் பியானோதான் கூடக் கேட்கணும், இல்லாட்டிச் சுருதி இறங்கும். பாட்டின் கடைசி இரண்டு பாரில் (ஒரு தாளச் சுற்று ஒரு பார்) கிளிக்கை நிறுத்திவிடுங்க. நீட்டிப் பாடி மெதுவாக அடங்குகிற இடத்தில்தான் ஹெட்போனிலிருந்து 'டிக் டிக்' வெளியே கேட்கும்.

மின்விசிறி ஓடினால் பதிவு இல்லை. 40 நிமிசம் பாடி, 15 நிமிசம் விசிறி போட்டு ஓய்வு. வேர்த்துக் களைத்த கொயர் சுருதி இறங்கும், சூடேறின புல்லாங்குழல் ஏறும் (ஒரு பாகை செல்சியசுக்குக் கிட்டத்தட்ட 3 சென்ட்; சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு). சாம்பிளோ அசையாது. மின்வெட்டுக்கு மடிக்கணினியும் யுபிஎஸ்ஸும் போதும். ஜெனரேற்றரைக் கோயில் பக்கம் கொண்டுவராதீங்க.

நாலாம்கட்டை:
வயலின் பற்றி. கர்நாடக வயலின் ச-ப-ச-ப. மேலைத்தேய முறையில் ஜி-டி-ஏ-இ, எல்லாக் கம்பிக்கும் இடையில் ஐந்தாம் இடைவெளி (ச-வுக்கும் ப-வுக்கும் உள்ள தூரம்). அந்தச் சுருதிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்காதீங்க. இறக்கிச் சேர்த்த மேல் கம்பியை இ வரைக்கும் இழுத்தால் அறும். புதுக் கம்பி போட்டாலும் இரண்டு மூன்று நாள் இறங்கிக்கொண்டே இருக்கும், விரல் கணக்கும் குழம்பும். பதிலாக டி-யை ச-வாக வைத்துச் சுருதி சேர்த்து, வயலின் வருகிற பாட்டுகளை டி, ஜி, ஏ கீகளில் (அந்த ஸ்வரத்தை ஆதாரமாக வைத்து) எழுதுங்க. மிக உயரமான வரியைச் சாம்பிளுக்கு விட்டு, நடு வரிகளை இவர்களுக்குக் கொடுங்க. தளர்ந்த கம்பியின் கனம் அங்கே அழகாக விழும்.

ஸ்வரமாக எழுதிக் கொடுத்தால் வாசிப்பார்கள். ஆனால் கடைசிச் சரணத்தில் ஒரு முழு ஸ்வரம் தூக்குகிற வழக்கம் இருக்குதே, அந்த இடத்தில் ச எது என்று தாளில் பெட்டி கட்டி எழுதணும். எழுதாட்டி நாலு பேரும் நாலு ச-வில் நிற்பார்கள்.

கமகம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்க. ரி-யிலிருந்து க-வுக்குச் சறுக்கினால் கீழே இருக்கிற கோர்டோடு (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்கள்) உரசும். அவர்கள் காதுக்குப் பழகின அந்தர காந்தாரம் கீபோட்டின் க-வை விடச் சுமார் 14 சென்ட் கீழே. பிழை இல்லை, அது தம்பூரா க. காதில் தம்பூரா போடாமல் சாம்பிள் ஓகெஸ்ட்ராவைப் போட்டால் தானாக ஏறி வருவார்கள்.

நாலு வயலினைப் பன்னிரண்டாகக் காட்ட மூன்று தடவை எடுங்க. ஒவ்வொரு தடவையும் இருக்கையை மாற்றி, வயலினையும் கைமாற்றி, மைக்கை ஒரு மீற்றர் நகர்த்தணும். அசையாமல் மூன்றுதரம் எடுத்தால் பன்னிரண்டு பேர் கேட்காது, நாலு பேர் பீப்பாய்க்குள் வாசிக்கிற மாதிரிக் கேட்கும்.

ஆல்டோவரிசை:
மேலே சொன்னதில் ஒன்றில் உடன்பாடில்லை: தாலாட்டு மாதிரியான மெதுவான பாட்டுக்கு ஒரே வேகத்தில் ஓடுகிற கிளிக் பாவம். பியானோக்காரர் பாடகியோடு சேர்ந்து சுதந்திரமாக வாசிக்கட்டும், அந்த வாசிப்பிலிருந்து பார் பாராகக் கிளிக்கை உருவாக்குங்க. ஒரு பாட்டுக்கு ஒரு மணித்தியால வேலை, ஆனால் பாட்டு மூச்சு விடும்.

எட்டு ஆண்களை டெனர் (உயர்ந்த குரல்), பேஸ் (தாழ்ந்த குரல்) என்று பிரித்தால் டெனரில் இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள். மூன்று குரலாக எழுதுங்க: சோப்ரானோ, ஆல்டோ, ஆண்கள். ஆண்கள் வரியை அதிகம் ஏறாமல் அதிகம் இறங்காமல் நடுவில் வைத்தால் யாரும் கழுத்தை நீட்டத் தேவையில்லை.

அதைவிடப் பெரிய தலையிடி சொல். பல சபைகளிலிருந்து வருகிற கொயரில் பாதி 'யேசு' (இரண்டு அசை), பாதி 'இயேசு' (மூன்று). எது என்று தாளில் ஒரே மாதிரி அச்சடியுங்க. 'சமாதானம்' ச-வா, ஸ-வா? 'கிறிஸ்து' ஸ் 24 வாயிலிருந்து நீண்டால் பாம்புப் புற்றுத்தான். முன்வரிசையில் ஆறு பேர் மட்டும் ஸ் சொல்ல, மற்றவர்கள் அதைக் கிட்டத்தட்ட விழுங்கட்டும். 'பெத்லகேம்' ம் எந்தத் தட்டில் மூடுது என்று எண் போடுங்க: "நாலில் மூடு".

வாவிக்கரை:
நன்றி. பழைய கரோல் மூன்றும் 'வைட் கிறிஸ்மஸ்' மெட்டும் சேர்க்க யோசனை. உரிமை கேட்கணுமா? பாடகியை எங்கே எடுக்கிறது?

மேசைக்குப்பின்:
இலங்கையில் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி ஆக்கியோர் இறந்து 70 வருடம் வரைக்கும் உரிமை இருக்கும். 'சைலண்ட் நைட்' மெட்டு 1818, மெட்டமைத்த குரூபர் 1863இல் இறந்தார், பயமில்லை. ஆனால் நீங்க பாடுகிற தமிழ் வரிகளுக்கு மொழிபெயர்ப்பாளர் வேறு, பாட்டுப் புத்தகத்தில் பெயர் பாருங்க. இணையத்தில் எடுத்த கொயர் ஸ்கோரும் (இசைக் குறிப்புத் தாள்) அப்படியே, மெட்டு பழசு, ஒழுங்கமைப்பு புதுசு. 'வைட் கிறிஸ்மஸ்' எழுதிய இர்விங் பேர்லின் 1989இல்தான் இறந்தார், 2059 வரைக்கும் அனுமதி வேணும். அதை விடுங்க.

பாடகியை வீட்டில் எடுங்க: உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து அதற்கு முதுகு காட்டி நிற்கட்டும், பெரிய மைக், ஒரு சாண் தூரம். பிறகு கோயிலுக்குள் நிற்பதுபோல் காட்ட, கொயர் பதிவு நாளிலேயே பாடகி நிற்கவேண்டிய இடத்தில் ஒரு பலூனை வெடித்து, கொயர் மைக்கிலேயே அந்த எதிரொலியைப் பதியுங்க. அதைக் கொன்வொலூஷன் ரிவேர்பில் (பதிந்த எதிரொலியை வேறு சத்தத்துக்குக் கொடுக்கிற மென்பொருள்) ஏற்றினால் அவர் குரலும் அதே கூரைக்குக் கீழே வந்து நிற்கும். மூன்று பலூன் வெடிக்கணும், முதலாவதுக்குக் கூரை வௌவாலெல்லாம் எழும்பிப் பறக்கும்.