பொருள்: சோலோ கணக்கில் எஞ்சுவதற்கு ஒரு சொல்

பொருளியல் ஆசிரியை எழுதியது:
அன்புடையீர், வணக்கம். அறிவியல் மெய்யியல் பாடநூலில் வளர்ச்சிக் கோட்பாடுகள் மாறிவந்த வரலாற்றைக் கூறும் இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1909 முதல் 1949 வரை அமெரிக்காவில் ஒரு மணிநேர உழைப்பின் உற்பத்தி இரட்டித்ததை ஆராய்ந்த பொருளியலாளர் ராபர்ட் சோலோ, மூலதனப் பெருக்கம் அதில் எட்டில் ஒரு பங்கையே விளக்குகிறது என்று 1957இல் காட்டினார். எஞ்சிய 87.5 விழுக்காட்டை (ஆங்கிலத்தில் residual) ‘எச்சம்’ எனலாமா?

இலக்கண ஆசிரியர்:
தாராளமாக, அம்மா. எஞ்சுவது எச்சம். தொல்காப்பிய எச்சவியல் கூறும் பத்து எச்சங்களில் ஏழு, பொருளை நிறைவாக்க வரும் சொல்லாகிய முடிபை வேண்டி நிற்பவை. சோலோவின் எச்சமும் அப்படி நின்று, ஆதாயம் நாடும் ஆராய்ச்சியே தொழில்நுட்பத்தை உண்டாக்குகிறது என்று பொருளியலாளர் பால் ரோமர் 1990இல் எழுதியபோது முடிபு பெற்றது. ‘எச்சத்தாற் காணப்படும்’ என்ற குறளில் பரிமேலழகர் எச்சத்துக்கு மக்கள் என்று பொருள் கொண்டதை நினைத்தால், ரோமரையே சோலோவின் எச்சம் என்றும் சொல்லலாம்!

கல்லூரி விரிவுரையாளர்:
ஐயா, என் வகுப்பில் எச்சம் என்றால் காக்கைதான் நினைவுக்கு வரும். ‘மீதி’ போதாதா?

இலக்கண ஆசிரியர்:
மீதி வகுத்தல் கணக்குக்கு உரியது. மாணவர் சிரிப்பார்கள் என்பதற்காகப் பெயரெச்சத்தையும் வினையெச்சத்தையும் கைவிட்டோமா?

மெய்யியல் ஆய்வாளர்:
எனக்குக் காக்கை தடையன்று, ‘முடிபு’தான் தடை. பொருளியலாளர் மோசஸ் ஆப்ரமோவிட்ஸ் 1956இல் இந்த எஞ்சும் பங்கை நம் அறியாமையின் அளவு என்றார். சோலோ தொழில்நுட்ப மாற்றம் என்றார். உழைப்பு, மூலதனம் ஆகிய உள்ளீடுகளைச் சரியாக அளந்தால் இது ஏறத்தாழ மறைந்துவிடும் என்று ஜார்கன்சனும் கிரிலிக்கசும் 1967இல் வாதிட்டார்கள். இதை அறிவியல் மெய்யியலாளர் தாமஸ் கூன் சொல்லும் முரண், அதாவது கோட்பாட்டுக்குள் அடங்காத உண்மை, என்றால் பழைய கோட்பாடு நெருக்கடியில் சிக்கியிருக்க வேண்டும், அப்படி ஆகவில்லை. 1992இல் மேன்கிவ், டேவிட் ரோமர், வெய்ல் மூவரும் மனித மூலதனத்தை (கல்வி, திறன்) சேர்த்து, மெய்யியலாளர் லக்காட்டோஷ் கூறிய காப்பு வளையத்தை, அதாவது கோட்பாட்டின் கருவைச் சூழ்ந்த துணைக் கருதுகோள்களை, திருத்துவதுபோல் சோலோ மாதிரியின் கருவைக் காத்தார்கள். இலக்கண எச்சம் என்று விளக்கினால் பால் ரோமர் பக்கம் தீர்ப்பெழுதியதாகிவிடும். மீதி எவர் பக்கமும் சாயாது.

பொருளியல் ஆசிரியை:
நேரமில்லை, இலக்கண ஆசிரியர் சொன்னபடி ‘சோலோ எச்சம்’ என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘விளக்கப்படாத மீதி’ என்று விரித்து எழுதியுள்ளேன்.

மெய்யியல் ஆய்வாளர்:
நன்றி. அடுத்த பதிப்பில் மீண்டும் வாதிடுவேன்.