தெர்மல் கிரீஸ் பேட்டன்ட்: "டி1, டி2 சேர்த்தால் யாருக்கும் தோன்றும்" என்ற ஆட்சேபத்துக்கு என்ன பதில்?

கேள்வி (அம்பத்தூர்)
வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன கம்பெனி. மின்வண்டி சார்ஜர்களுக்குத் தெர்மல் கிரீஸ் (சூட்டைக் கடத்தும் பசை) செய்கிறோம். சிலிகோன் எண்ணெயில் பெரியது, சிறியது என இரண்டு அளவு அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) துகள். துகள்மேல் அல்காக்ஸி சைலேன் (துகள் எண்ணெயோடு நன்றாகக் கலக்க உதவும் சிலிக்கான் சேர்மம்) பூச்சு. கிண்டி பேட்டன்ட் அலுவலகத்திலிருந்து முதல் ஆய்வறிக்கை வந்திருக்கிறது. ஆய்வாளர் முந்தைய ஆவணங்கள் இரண்டைக் காட்டுகிறார்: டி1-ல் இரண்டு அளவு அலுமினா, டி2-ல் சைலேன் பூசிய துத்தநாக ஆக்சைடு. இரண்டையும் சேர்ப்பது துறை தெரிந்தவருக்குத் தானாகத் தோன்றும் என்கிறார்கள். கூடவே பேட்டன்ட் சட்டப் பிரிவு 3(இ), அதாவது பொருள்களின் குணங்கள் கூடுவது மட்டுமான வெறும் கலவைக்குப் பேட்டன்ட் இல்லை என்று.

எங்கள் கிரீஸ் எத்தனை முறை சூடாகி ஆறினாலும் மாஸ்ஃபெட்டுக்கும் (சூடாகும் மின் சுவிட்ச் சில்லு) ஹீட்சிங்க்குக்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) நடுவிலிருந்து பிதுங்கி வெளியேறுவதில்லை. அந்த இரண்டு ஆவணத்திலும் இந்தப் பேச்சே இல்லை. இதை எழுதினால் போதுமா?

பதில் (பேட்டன்ட் ஏஜென்ட், கிண்டி)
போதாது சார். எப்படியும் சேர்க்கத் தோன்றும் கலவைதான் என்று ஆகிவிட்டால், கூடவே கிடைத்த ஒரு நன்மை அதைக் காப்பாற்றுவது கடினம். டி1, டி2 இரண்டும் சிலிகோனில் வெப்பம் கடத்தும் துகளை நிறையச் சேர்ப்பது பற்றித்தானே? அப்படியானால் "சேர்க்கக் காரணமில்லை" என்ற வாதமும் நிற்காது.

தானாகத் தோன்றாத கண்டுபிடிப்பு எது என்று சொல்லும் பிரிவு 2(1)(ஜேஏ)-வில் தொழில்நுட்ப முன்னேற்றம் அல்லது பொருளாதார முக்கியத்துவம் வேண்டும். அதோடு துறை தெரிந்தவருக்குத் தோன்றாததாகவும் இருக்க வேண்டும். நிறைய பேர் முதல் பாதியை மட்டும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். பிஸ்வநாத் பிரசாத் வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம், பட்டறையில் செய்யும் சாதாரண மேம்பாடு போதாது என்று சொல்லிவிட்டது.

பதில் (சிலிகோன் ஃபார்முலேஷன் ஆள்)
சிலிகோன் மட்டும் என்றால் வெப்பக் கடத்தல் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 0.2 வாட்தான். அதனால் எல்லோரும் துகளைத் திணிக்கிறோம். பெரிய துகளின் இடுக்கில் சிறியது உட்கார்ந்தால் இன்னும் திணிக்கலாம். ஆனால் மொத்தப் பரப்பில் பெரும்பகுதி சிறிய துகளுடையது, கிரீஸைக் கெட்டியாக்குவதும் அதுதான். சைலேன் பூசினால் இளகும். இவ்வளவும் துறையில் எல்லோருக்கும் தெரியும். "பாகுநிலை குறைந்தது, கடத்தல் கூடியது" என்று எழுதினால் ஆய்வாளர் பக்கம்தான் பலம் சேரும்.

உங்கள் கையில் இருப்பது பிதுங்காத குணம். அதைப் பிரித்துக் காட்டுங்கள். ஒரே துகள் அளவு விகிதம், ஒரே எடைச் சதவீதம் வைத்து, பூச்சே இல்லாதது, பெரியதில் மட்டும் பூசியது, சிறியதில் மட்டும், இரண்டிலும் என நான்கு மாதிரி. வெப்பச் சுழற்சிக்கு முன்னும் பின்னும் ஏஎஸ்டிஎம் டி5470 முறையில் வெப்பத் தடையை அளங்கள். நான்கும் எதிர்பார்த்த வரிசையிலேயே வந்தால் 3(இ)-யைத் தாண்ட முடியாது. ஒன்று மட்டும் தனித்து நின்றால் அதுதான் உங்கள் கண்டுபிடிப்பு.

கேள்வி கேட்டவர்
நன்றி. எங்கள் விண்ணப்பத்தின் விவரக்குறிப்பில் உள்ள எடுத்துக்காட்டுகளில் சிறிய துகளில் மட்டும்தான் பூச்சு. கிளெய்மில் (உரிமை கோரும் வாசகத்தில்) "துகளில் ஒரு பகுதியாவது" என்று அகலமாக எழுதியிருக்கிறது. சுழற்சிக்குப் பின் கிரீஸ் நகரவில்லை என்று ஓர் எடுத்துக்காட்டில் இருக்கிறது, ஒப்பீடு இல்லை.

பதில் (பேட்டன்ட் ஏஜென்ட், கிண்டி)
அப்படியென்றால் வழி இருக்கிறது. கிளெய்மைச் சிறிய துகளுக்கு மட்டும் சுருக்குங்கள். முதலிலேயே எழுதிய விஷயத்துக்குள் சுருக்குவதால் திருத்தங்களுக்கு வரம்பு வைக்கும் பிரிவு 59 தடுக்காது. புதிய ஒப்பீட்டுத் தரவை உறுதிமொழிப் பத்திரத்தோடு கொடுக்கலாம். நகராத குணம் தாக்கல் செய்த விவரக்குறிப்பிலேயே சொல்லப்பட்டிருப்பது பெரிய பலம். அப்புறம், தேடும்போது சிறிய துகளில் மட்டும் பூசிய வேறு ஆவணம் இருக்கிறதா என்று நீங்களே முதலில் பாருங்கள். விசாரணையில் அது டி3-ஆக வந்தால் அங்கே யோசிக்க நேரம் இருக்காது.

அறிக்கை தேதியிலிருந்து 6 மாதம் கெடு. நீட்டிப்புக்குப் படிவம் 4 இருக்கிறது, ஆனால் வெப்பச் சுழற்சிச் சோதனைக்கே நாள் பிடிக்கும். 3(இ)-க்கும் 2(1)(ஜேஏ)-வுக்கும் தனித்தனித் தலைப்பில் பதில் எழுதுங்கள். சிலர் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள்.

கேள்வி கேட்டவர்
சரி சார். பெரிய துகளில் மட்டும் பூசிய மாதிரி எங்களிடம் இல்லை, அதை முதலில் கலக்கச் சொல்லிவிட்டேன். நான்கின் அளவும் வந்ததும் இங்கேயே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.