ஃபோட்டோகிராஃபி என்று நான்கு முறை சொன்னேன்

வேலைக்குச் சேர்ந்த புதிது. அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவரிடம் போனில் 'ஃபோட்டோகிராஃபி' என்றேன். புரியவில்லை என்றார். சத்தமாகச் சொன்னேன், மெதுவாகச் சொன்னேன், ம்ஹூம். கடைசியில் எழுத்துக் கூட்டிச் சொன்ன பிறகு, "ஓ, ஃபடாக்ரஃபி!" என்றார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் எங்கள் டீமின் மூத்தவர் ஒருவர் விளக்கினார். ஆங்கிலச் சொல்லில் ஒரு துண்டை, அதாவது ஓர் அசையை, மட்டும் ஓங்கிச் சொல்வார்கள்; அதுதான் அழுத்தம். ஃபோட்டோகிராஃப் என்றால் அழுத்தம் முதல் அசையில். ஃபோட்டோகிராஃபி என்றால் இரண்டாவதில். ஃபோட்டோகிராஃபிக் என்றால் மூன்றாவதில். அழுத்தம் இரண்டாவதற்கு நகர்ந்ததும் 'ஃபோ' வெறும் 'ஃப' ஆகச் சுருங்கிவிடும். நான் இடறியது அங்கேதான். அசையை எண்ணுவது எனக்குச் சிரமமில்லை. ஆனால் தமிழில் நெடில் எங்கே நின்றாலும் நெடில்தானே (ஐகாரக் குறுக்கத்தை விட்டுவிடுங்கள்).

அவர் சொன்ன குறுக்குவழி: 'ஷன்', 'இக்', 'இட்டி' என்று முடிந்தால் அதற்கு முந்தின அசையை அழுத்து. எஜுகேஷனில் 'கே', எகனாமிக்கில் 'நா'. விதிவிலக்குகளும் உண்டு: பாலிடிக்ஸ் வழக்கம்போல் விதிக்கு அடங்காது, அதில் முதல் அசைதான்.

* * *

உங்கள் ஃபோட்டோகிராஃபி கதையைப் படித்தேன்; நான் ஆசிரியை. அகராதியைத் தப்பாகப் படித்தவள். அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் தலைச்சொல்லின் நடுவே புள்ளி வைத்திருப்பார்களே, அதுதான் அசை என்று நினைத்து ஒரு வருடம் பாடம் நடத்தினேன். 'எபிலிட்டி'யில் வந்து மாட்டிக்கொண்டேன். புள்ளிப்படி மூன்று துண்டு, வாயில் நான்கு அசை. அப்புறம்தான் முன்னுரையைப் படித்தேன். அந்தப் புள்ளி, வரிக் கடைசியில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்பதற்காம். முதல் எழுத்தை மட்டும் வரியில் தனியாக விட மாட்டார்கள், அதனால் அங்கே புள்ளி இல்லை. அசை தெரிய வேண்டுமென்றால், தலைச்சொல்லுக்குப் பக்கத்திலுள்ள உச்சரிப்புக் குறியைப் பார்க்க வேண்டும். அதில் எந்த அசைக்கு முன்னால், மேலே சின்னக் கோடு நிற்கிறதோ அங்கே அழுத்தம்.

* * *

டீச்சர், எங்கள் வீட்டில் ஒரு சமரசம் செய்துகொண்டோம். லண்டனில் படிக்கும் மகள், 'ஹோட்டல்' என்பதில் இரண்டாவது அசையை அழுத்தச் சொல்லி என் உயிரை எடுப்பாள். இப்போது 'ஹொடெல்' என்றால் அவள் ரூம் போடும் இடம். 'ஹோட்டல்' என்றால் நான் இட்லி சாப்பிடும் இடம்.