போரிவிலி தேசியப் பூங்கா, கான்ஹேரி குகைகள்: மழைக்காலத்தில் அம்மாவையும் பையனையும் கூட்டிப்போகலாமா?

பாளையங்கோட்டைக்காரன் (கேள்வி)

ஆகஸ்டில் குடும்பத்தோடு பம்பாய் வருகிறோம். காந்திவிலியில் தங்கை வீடு. பக்கத்திலேயே சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா இருப்பதால் ஒரு நாளை அதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். மாப்பிள்ளை “சஃபாரி பஸ்ஸில் ஏறிப் புலி, சிங்கம் பார்த்துவிட்டு வாங்க மச்சான், குகையில் என்ன இருக்கு, எல்லாம் காலி அறை” என்கிறார். எனக்கோ பூங்காவுக்குள் பாறையைக் குடைந்து செய்த கான்ஹேரி பௌத்தக் குகைகளைப் பார்த்தே ஆகவேண்டும்.

சிக்கல் இரண்டு. அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதளத்தில் நன்றாக நடப்பார், படி என்றால் பிடிமானம் தேடுவார். பையன் நாலாம் வகுப்பு. கிருஷ்ணாபுரம் கோயிலில் அத்தனை சிற்பத்தையும் ஐந்து நிமிடத்தில் “பார்த்தாச்சு” என்று முடித்தவன்.

மழையில் போகலாமா? அம்மா எதுவரை ஏற முடியும்? உள்ளே சிறுத்தை உண்டு என்கிறார்களே, பயப்பட வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முலுண்ட் அக்கா

தம்பி, முதலில் திங்கட்கிழமையை அடித்துவிடுங்கள், பூங்காவுக்கு அன்று விடுமுறை. ஞாயிறும் வேண்டாம். பாதி பம்பாய் அங்கேதான் இருக்கும், மினி பஸ் வரிசையில் நின்றே அம்மா களைத்துப்போவார். செவ்வாய், புதன் என்று ஏதாவது ஒரு வாரநாள் காலையில் போங்கள்.

போரிவிலி ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் இறங்கி ஆட்டோ பிடித்தால் வாசல் கொஞ்ச தூரம்தான். அங்கே வனத்துறை டிக்கெட். வாசலில் இருந்து குகைகளுக்கு ஆறேழு கிலோமீட்டர். மினி பஸ் ஓடுகிறது, ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும். வாடகை சைக்கிளும் உண்டு, ஆனால் கடைசியில் ஏற்றம் மூச்சு வாங்கும், உங்களுக்கு வேண்டாம். மேலே போனதும் தொல்லியல் துறைக்குத் தனி டிக்கெட். இதைத் தெரியாமல் கீழே வாங்கிய டிக்கெட்டைக் காட்டிச் சண்டை போடுகிறவர்களை எப்போதும் பார்க்கலாம்.

சஃபாரி பற்றி என் கருத்து: கம்பி போட்ட பஸ்ஸில், வேலி போட்ட இடத்துக்குள் அடைத்து வளர்க்கும் புலியைப் பார்ப்பதற்கு இவ்வளவு தூரம் வரவேண்டியதில்லை. பையன் அடம்பிடித்தால் குகை முடித்துவிட்டு வந்து பாருங்கள். முதலில் அதற்குப் போனால் வெயிலோ மழையோ ஏறிவிடும், குகை அரைகுறையாகப் போகும்.

அம்மா விஷயம். டிக்கெட் கொடுக்கும் இடத்திலிருந்து கொஞ்சம் படி ஏறினால் 1, 2, 3 எண் குகைகள் அடுத்தடுத்து வந்துவிடும். மூன்றுதான் பெரிய சைத்தியம், அதாவது பௌத்தர்களின் வழிபாட்டு மண்டபம். அதுவரை ஏறினாலே கான்ஹேரியில் முக்கியமானதைப் பார்த்த மாதிரிதான். முன்தாழ்வாரத்தின் இரண்டு கோடியிலும் ஏழு மீட்டர் உயரத்துக்கு நின்ற கோலத்தில் புத்தர். உள்ளே 34 தூண்கள், கடைசியில் அவர்கள் வணங்கிய அரைக்கோள வடிவத் தூபி. தூண்களை உற்றுப் பாருங்கள்: சிலவற்றுக்குக் கும்பம் போன்ற அடிப்பாகமும் மேலே யானை உருவங்களும் இருக்கும், மற்றவை எட்டுப்பட்டையோடு சும்மா நிற்கும். வேலை முழுதாக முடியவில்லை. கல்வெட்டு, சாதவாகன மன்னன் யஜ்ஞ சாதகர்ணி காலத்தைச் சொல்கிறது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. போர்ச்சுகீசியர் வந்தபோது பாதிரிமார்கள் இதே மண்டபத்தை மாதாகோயிலாக்கியிருக்கிறார்கள். அம்மாவை அங்கே உட்காரவைத்துவிடுங்கள், குளுகுளுவென்று இருக்கும்.

இனி உங்களுக்கும் பையனுக்கும். மாப்பிள்ளை “காலி அறை” என்றாரே, அதில் பாதி உண்மை. மொத்தம் நூற்றுக்கு மேல் குகைகள், பெரும்பாலானவை பிட்சுக்கள் குடியிருந்த அறைகள்தான். சிலை தேடிப் போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். நான் எங்கள் வீட்டு விருந்தாளிகளுக்குச் சொல்வது ஒன்றுதான்: தண்ணீரைப் பாருங்கள். ஒவ்வொரு குகை வாசலுக்குப் பக்கத்திலும் பாறையில் குடைந்த தொட்டி இருக்கும். மேலே நிமிர்ந்தால், மழைத்தண்ணீர் அந்தத் தொட்டிக்கு வந்து சேருகிற மாதிரி பாறைமுகத்தில் விரல் அகலத்துக்கு வெட்டிய வாய்க்கால் தெரியும். தொட்டியின் வாய் சிறிது, உள்ளே அகலம். கோடையில் போனால் இது காய்ந்த கோடு. ஆகஸ்டில் போனால் அப்படியே வேலை செய்வதைப் பார்க்கலாம், தண்ணீர் கோடு பிடித்து இறங்கித் தொட்டிக்குள் விழும். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய பிளம்பிங், இன்னும் அடைப்பு எடுக்க ஆள் கூப்பிடவில்லை. எங்கள் சொசைட்டிக் குழாயை நினைத்தால் வயிறு எரிகிறது.

தொட்டி வெட்டிக் கொடுத்தவர்கள் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது. பம்பாய்ப் பக்கத்து ஊரான கல்யாணைச் சேர்ந்த ஒரு பொற்கொல்லர், பெயர் சாமிதத்தன், ஒரு தொட்டி தானம் செய்திருக்கிறார். ராஜா கொடுத்ததை விட இந்த மாதிரி வியாபாரிகளும் தொழிலாளிகளும் கொடுத்ததுதான் அங்கே அதிகம். கல்யாண், சோபாரா துறைமுகங்களில் சம்பாதித்த பணம். இன்று நாம் கல்யாண் லோக்கல் ரயிலில் நசுங்கிக்கொண்டு போகிறோம், அவர் வண்டி கட்டி வந்திருப்பார். அப்புறம் அதே காட்டில், 1860இல் கட்டிய விகார் ஏரியில் இருந்துதான் பம்பாய்க்கு முதன்முதலாகக் குழாய்த் தண்ணீர் வந்தது. தண்ணீருக்கு இந்த மலையை நம்புவது இந்த ஊருக்குப் பழைய பழக்கம்.

கால் தெம்பாக இருந்தால் 11ஆம் குகை (தரையோடு ஒட்டி நீளமான இரண்டு கல் பெஞ்சுகள், பிட்சுக்கள் கூடி உட்கார்ந்த இடம்), அப்புறம் 41 (பதினோரு தலை அவலோகிதேஸ்வரர், பௌத்தர்கள் வணங்கும் கருணையின் போதிசத்துவர்), முடிந்தால் 90. தொண்ணூறில் 1009ஆம் ஆண்டும் 1021ஆம் ஆண்டும் வந்த பார்சிகள் பழைய பாரசீக மொழியான பஹ்லவியின் எழுத்தில் தங்கள் பெயர்களைப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சுவரில் பெயர் எழுதும் வியாதி இன்றைக்கு வந்ததல்ல.

வசாய் ரோடு வாசி

அக்கா சொல்வது சரி, ஆனால் மழையைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். குகைகளுக்கு நடுவே ஒரு பெரிய ஓடை இறங்குகிறது. மழை வலுத்தால் பத்து நிமிடத்தில் பெருக்கெடுக்கும். அதில் இறங்கிப் படம் எடுக்கப்போய் அடித்துச் செல்லப்பட்டவர்கள் உண்டு. கனமழை எச்சரிக்கை இருந்தால் அந்தப் பக்கமே விடாமல் மூடிவிடுவதும் உண்டு, காலையில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பாறைப்படி பாசி பிடித்து வழுக்கும். அம்மாவுக்குச் செருப்பு வேண்டாம், பிடிப்பான ஷூ.

அவருக்குப் படி ஏறவே முடியவில்லை என்றால் போரிவிலி மேற்கில் மண்டபேஸ்வர் குகை இருக்கிறது. சாலையோரம், ஏற்றமே கிடையாது. சைவக் குகை, பெரிய நடராஜர் சிற்பம், மேலே போர்ச்சுகீசியர் கட்டிய மடத்தின் இடிபாடு. நம்ம ஊர் அம்மாக்களுக்கு அது இன்னும் பிடிக்கும்.

காசுப் பைத்தியம்

தமிழ்க்காரர்கள் அங்கே பார்க்கவேண்டியது ஒன்று விட்டுப்போச்சு. யஜ்ஞ சாதகர்ணியும் அவனுக்கு முந்தைய வாசிஷ்டிபுத்திர சாதகர்ணியும் வெளியிட்ட வெள்ளிக்காசுகளில் ஒரு பக்கம் ராஜா தலையைச் சுற்றிப் பிராகிருதம், மறுபக்கம் வேறு மொழியில் அதே வாசகம். அந்த மறுபக்கத்தை நம் கல்வெட்டு அறிஞர்கள் பலர் தமிழ் என்றே படிக்கிறார்கள், “சாதகணிக்கு”, “மகனக்கு” என்று நான்காம் வேற்றுமை தெளிவாக வரும். கான்ஹேரியில் இந்த வாசிஷ்டிபுத்திரனின் ராணி பெயரால் ஒரு கல்வெட்டு. அவள் எதிரி வம்சமான சகர்களின் மன்னன் (பட்டம் மகாக்ஷத்ரபன்) வீட்டுப் பெண். அந்தக் கல்வெட்டும் அமைச்சர் ஒருவர் கொடுத்த தண்ணீர்த் தொட்டி பற்றியதுதான். அக்கா கட்சிக்கு நான் ஒரு ஓட்டு.

குன்னூர் பழசு

வேலை நிமித்தம் அங்கே இருந்தபோது குகைக்குப் போனதைவிடச் செடி பார்க்கப் போனதுதான் அதிகம். நம் குறிஞ்சிக்குப் பங்காளி ‘கார்வி’ அந்த மலையில் அடர்ந்து கிடக்கிறது. எட்டு வருடத்துக்கு ஒரு முறை பூக்கும். 2016இல் பூத்தது, 2024இல் பூத்தது. இந்த முறை பூ கிடையாது, சொரசொரப்பான பெரிய இலையை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.

பாளையங்கோட்டைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்ன தொட்டி விஷயத்தைப் பையனிடம் சொன்னேன், “உள்ளே தவளை இருக்குமா” என்று கேட்டான், ஆக வேலை ஆகிவிட்டது. சிறுத்தைக்குப் பதில் வரவில்லையே? சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா?

முலுண்ட் அக்கா

தவளை கட்டாயம் இருக்கும். எட்டிப்பார்க்கும்போது சட்டைக் காலரைப் பிடித்துக்கொள்ளுங்கள், சில தொட்டிகள் ஆழம்.

சிறுத்தை இருக்கிறது, நிறையவே. 104 சதுர கிலோமீட்டர் காடு, சுற்றிலும் ஒரு கோடிக்கு மேல் ஜனம், நடுவில் அவை. நாங்கள் காட்டின் கிழக்கு விளிம்பில் குடியிருக்கிறோம், காம்பவுண்டு சுவர் மேல் நடந்துபோவது கேமராவில் பதிவாகும். வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு எல்லோரும் வேலையைப் பார்க்கப் போவோம். அது ராத்திரி ஜீவன், தெருநாய் கிடைத்தால் திருப்தி. பகலில் தார்ச்சாலையையும் குகைப்பாதையையும் விட்டு விலகாதீர்கள், பையனைத் தனியாகப் புதர்ப்பக்கம் அனுப்பாதீர்கள், இருட்டுவதற்கு முன் வெளியே வந்துவிடுங்கள். அது போதும்.

நிஜமான தொல்லை குரங்கு. சாப்பாடு கொண்டுபோகலாம், ஆனால் கையில் பிளாஸ்டிக் பை தொங்கினால் அது உங்களுடையது அல்ல. எல்லாம் ஜிப் போட்ட முதுகுப்பையில். படிப்பக்கம் பூங்காவுக்குள் குடியிருக்கும் ஆதிவாசிப் பெண்கள் வெள்ளரிக்காய் விற்பார்கள், நாலாகப் பிளந்து உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவித் தருவார்கள். அதை வாங்கி அங்கேயே நின்று தின்றுவிடுங்கள், கையில் வைத்துக்கொண்டு படி ஏறாதீர்கள். வயிறார இட்லி, ரசம் சாப்பிட வேண்டும் என்றால் அன்று சாயங்காலம் மாட்டுங்காவுக்கு ரயில் ஏறுங்கள். ஆறு மணிக்கு மேல் கூட்டம் எதிர்த்திசையில்தான், அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்கும்.