இடைச்செருகலா, அடுக்கிடையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கார்பன் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்தது கிராஃபைட். அந்த அடுக்குகளுக்கு நடுவே வேறு அணுக்களோ அயனிகளோ புகுந்து உண்டாகும் சேர்மத்தை (intercalation compound) தமிழில் ‘இடைச்செருகல் சேர்மம்’ எனலாம் என்று முந்தைய மடலில் யோசனை வந்திருந்தது. நல்ல சொல்தான், ஆனால் அதற்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. உலோகப் படிகத்தின் இடைவெளிகளில் ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன் போன்ற சிறிய அணுக்கள் அமர்ந்திருக்கும் சேர்மங்களைத்தான் பாடநூல்கள் அப்படி அழைக்கின்றன. அங்கே இருக்கிற துளையில் அணு அடங்கிக்கொள்கிறது. கிராஃபைட்டில் அப்படி இல்லை, அடுக்குகளே விலகி வழிவிட வேண்டும். 0.335 நானோமீட்டராக இருக்கும் அடுக்கிடைவெளி, பொட்டாசியம் புகுந்தால் சுமார் 0.535 ஆகிறது. கந்தக அமிலம் புகுந்தால் ஏறக்குறைய 0.8.

இன்னொரு தயக்கமும் உண்டு. இடைச்செருகல் என்றதும் நமக்கு மூலத்தோடு ஒட்டாத, பின்னால் வந்தவர் நுழைத்த பாட்டு நினைவுக்கு வரும். இங்கே புகுந்தது சும்மா இருப்பதில்லை. பொட்டாசியம் தன் எலக்ட்ரானைக் கார்பன் அடுக்குக்குத் தந்துவிடுகிறது. கருமையான கிராஃபைட் வெண்கல நிறத்துக்கு மாறுகிறது. அமிலத்தில் நேர்மாறாக, அடுக்குதான் எலக்ட்ரானை இழக்கிறது. ஆகவே ‘அடுக்கிடைச் சேர்மம்’ என்பதே என் பரிந்துரை. வினைக்கு ‘அடுக்கிடைப் புகல்’, நாம் செய்வதானால் ‘அடுக்கிடைப் புகுத்தல்’.

சரி, அடுத்த சிக்கல். கந்தக அமிலம் புகுந்த சேர்மத்தைச் சூடாக்கினால் பெரிதாகிறதே, அந்தப் பொருளை ‘விரிந்த கிராஃபைட்’ என்றால் வெப்ப விரிவோடு குழம்பும். இரும்புக் கம்பி சூட்டில் நீண்டு, ஆறினால் பழைய அளவுக்கு வந்துவிடும். இது திரும்பாது. ‘உப்பிய கிராஃபைட்’ என்றாலோ, வேதியியலில் உப்பு வேறொன்று. எனக்குப் பிடித்தது ‘பொரிதல்’. உள்ளே அடைபட்டது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் வெடித்துத் திறப்பதைத்தானே அப்படிச் சொல்கிறோம்? வெடித்துப் பிளந்த அடிமரத்தைச் சங்கப் பாடல்கள் ‘பொரியரை’ என்கின்றன. அடுக்கு அடுக்காகப் பிளந்து நிற்கும் இந்தக் கரிக்கு அது எவ்வளவு பொருத்தம்! சூடாக்குவதற்கு முன் ‘பொரியும் கிராஃபைட்’, பின் ‘பொரிந்த கிராஃபைட்’. பெயரெச்சத்தின் காலமே இரண்டையும் பிரித்துக் காட்டிவிடுகிறது. தனி விகுதி தேவையில்லை.

சொற்கள் வாக்கியத்தில் நிற்கின்றனவா என்று எழுதிப் பார்த்தேன்:

“கிராஃபைட் செதில்களை அடர் கந்தக அமிலத்தில் இட்டு, ஆக்சிஜனேற்றியாக நைட்ரிக் அமிலம் சேர்த்தால், அடுக்கிடைப் புகல் நிகழ்ந்து செதில்கள் கருநீலமாகும். நீரில் கழுவும்போது அடுக்கிடைச் சேர்மத்தின் பெரும்பகுதி சிதைந்து, கொஞ்சம் அமிலம் மட்டும் உள்ளே தங்கும். உலர்த்தினால் கிடைப்பது பொரியும் கிராஃபைட். இதைச் சுமார் 900 முதல் 1000 பாகை செல்சியஸ் உலையில் சட்டென்று இட்டால், செதிலின் தடிமன் நூறு மடங்குக்கு மேலும் பெருகிப் புழுப்போல் நீளும். இந்தப் பொரிந்த கிராஃபைட்டைப் பசை எதுவுமின்றி அழுத்தியே தாளாக்கி, குழாய் இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் செய்யலாம்.”

எனக்கு உறுத்தவில்லை.

ஒன்றுக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. புகுந்த பொருளின் இரு வரிசைகளுக்கு நடுவே எத்தனை கார்பன் அடுக்குகள் என்பதற்கு ஓர் எண் உண்டு. எட்டுக் கார்பனுக்கு ஒரு பொட்டாசியம் என்றால் 1, இருபத்துநான்குக்கு ஒன்று என்றால் 2. ‘அடுக்கெண்’ என்று எழுதியிருப்பேன், கணிதத்தின் அடுக்கு (exponent) குறுக்கே நிற்கிறது. ‘படிநிலை’ செய்முறையின் கட்டத்தைக் குறிப்பதாகப் படுகிறது. ‘இடையெண்’ எப்படி?