5 லிட்டரில் வளரும் சூடோமோனாஸ் 500 லிட்டரில் சொதப்புகிறது: பெரிய ஃபெர்மென்டர் வாங்கலாமா?

கெடிலக்கரை:
கடலூர் சிப்காட் பக்கம் சிறிய நிறுவனம். பயிர் நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் பாக்டீரியாவான சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸை டால்க் பவுடராக விற்கிறோம். அதைத் திரவமாகக் கொண்டுவர லேப் ஒரு ஃபார்முலா கொடுத்திருக்கிறது. 5 லிட்டரில் எல்லாமே நன்றாக வருகிறது. 500 லிட்டரில் செல் எண்ணிக்கை பாதிதான்; அதுவும் ரைசோக்டோனியா என்ற நோய்ப் பூஞ்சையைச் சரியாக அடக்குவதில்லை. லேப் உற்பத்தியைக் கைகாட்டுகிறது, உற்பத்தி லேபை. முதலாளி 2,000 லிட்டர் ஃபெர்மென்டருக்கு (பாக்டீரியா வளர்க்கும் தொட்டி) கொட்டேஷன் கேட்டுவிட்டார். எங்கிருந்து தொடங்குவது?

வில்லியனூர் வாசி:
சார், கொட்டேஷனைத் தள்ளிப்போடுங்கள். எண்ணிக்கை குறைவதும் வீரியம் குறைவதும் வேறு வேறு கோளாறு.

எண்ணிக்கைக்குக் காரணம் பெரும்பாலும் காற்றும் சூடும். ஒரு லிட்டர் கல்ச்சர் (பாக்டீரியா வளரும் கரைசல்) மணிக்கு 100 மில்லிமோல் ஆக்சிஜன் இழுத்தால் சுமார் 46 கிலோஜூல் சூடு வெளிவரும். 500 லிட்டருக்கு 6.4 கிலோவாட், கிளறும் மோட்டாரின் சூடு தனி. கூலிங் டவர் தண்ணீர் வெட்-பல்ப் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும்) வெப்பநிலைக்குக் கீழே போகாது, கடலோரக் கோடையில் அதுவே 27, 28-ஐத் தொடும். அதை வைத்துக்கொண்டு கல்ச்சரை 28 டிகிரியில் நிறுத்த முடியாது. 3 டன் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) ஒன்று போடுங்கள். 2,000 லிட்டருக்குப் போனால் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் ஜாக்கெட் (தொட்டியைச் சுற்றிய குளிர்நீர் உறை) பரப்பு இன்னும் குறையும்.

கரைந்த ஆக்சிஜன் 30 சதவீதத்துக்குக் கீழே எந்த மணிநேரத்தில் விழுகிறது என்று சார்ட்டில் பாருங்கள். பாக்டீரியாவுக்குக் கார்பன் உணவான கிளிசராலை முதலிலேயே கொட்டாமல் மெல்ல ஊட்டினால் அந்தப் பள்ளம் குறையும். நுரைக்குப் பயந்து ஆன்டிஃபோமை அள்ளி ஊற்றினால் ஆக்சிஜன் கரைவது குறையும்.

தேவனாம்பட்டினம் 04:
வீரியத்துக்குச் சொல்கிறேன். 5-இலிருந்து 500 லிட்டர் என்றால் நூறு மடங்கு, அதாவது கூடுதலாக 6, 7 தலைமுறை. சத்து மிகுந்த மீடியத்தில் இந்த பாக்டீரியாவில் ஜிஏசி மரபணு (சுரப்புகளைக் கட்டுப்படுத்துவது) கெட்ட மியூட்டன்ட்கள் தானாகவே பெருகும். வளர்ச்சியில் குறை இருக்காது, பூஞ்சையைத் தடுக்கும் பொருள்களை மட்டும் சுரக்காது. எண்ணிக்கையை மட்டும் பார்க்கிற க்யூசி (தரச் சோதனைப் பிரிவு) இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

உறைகுப்பி, ஃபிளாஸ்க், சீடு (தொடக்கக் கல்ச்சர்) தொட்டி, பேட்ச் முடிவு என ஒவ்வொரு கட்டத்திலும் ஸ்கிம் மில்க் அகார் (கொழுப்பு நீக்கிய பால் சேர்த்த ஊடகம்) தட்டில் பரப்பி, 100 காலனியாவது எண்ணுங்கள். புரோட்டியேஸ் (புரதத்தைச் சிதைக்கும் என்சைம்) சுரக்காத, அதாவது கெட்டுப்போன, காலனியைச் சுற்றித் தெளிவான வளையம் இருக்காது. எந்தக் கட்டத்தில் அவை கூடுகின்றனவோ அங்கேதான் வேலை. லேபில் கல்ச்சரை வைத்திருக்கும் சாய்வுக் குழாயிலிருந்து திரும்பத் திரும்ப எடுப்பதை நிறுத்திவிட்டு, 20 சதவீத கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் செல் வங்கி (ஒரே கல்ச்சரின் உறைந்த குப்பிகள்) வையுங்கள். பேட்சுக்கு ஒரு குப்பி. மீடியத்தை நீர்க்க வைப்பதும் சிறிது துத்தநாகம் சேர்ப்பதும் உதவும்.

முத்தியால்பேட்டை:
தொழில்நுட்பத்துக்கு மேலே ஒரு நிர்வாகக் கோளாறும் இருக்கிறது. லேப் கொடுத்தது ஃபார்முலா மட்டும். எத்தனை மணி வயதான சீடு, ஆக்சிஜன் எவ்வளவு வரை இறங்கலாம், வெப்பநிலை எல்லை, மூலப்பொருளின் தரம் ஆகிய நான்கும் எழுத்தில் இல்லாமல் உற்பத்தி கையெழுத்துப் போடக்கூடாது. 5 லிட்டர் ஓடும்போதே ஷிஃப்ட் சூப்பர்வைசர் பக்கத்தில் இருக்க வேண்டும். எத்தனை பேட்ச் தோற்றால் திட்டத்தை மூடுவது என்பதையும் இப்போதே, யார் மனமும் நோகாத நேரத்தில் எழுதுங்கள். தீர்ப்பு க்யூசியிடம் இருக்கட்டும்.

டால்க்குக்கு வாங்கிய பதிவு திரவத்துக்குச் செல்லாது; 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஷெல்ஃப் லைஃப் சோதனை தொடங்கியபின் ரெசிபியைத் தொட்டால் அதுவரை ஓடிய மாதங்கள் வீண்.

மாநாட்டில் போஸ்டர் போடும் ஆசை லேபுக்கு இருந்தால், அதற்கு முன் தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் போகட்டும். முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் இருக்கிறது. மண்ணில் எடுத்த பாக்டீரியாவுக்கே காப்புரிமை கேட்டால் காப்புரிமைச் சட்டத்தின் 3(சி) பிரிவு தடுக்கும். தயாரிப்பு முறைக்குக் கேளுங்கள்.

கெடிலக்கரை:
நன்றி. மீடியத்தில் சேர்க்கும் பெப்டோன் (சிதைத்த புரதம்) விலை தாங்காமல் பர்ச்சேஸ் பிரிவு மொலாசஸுக்கு (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) மாறச் சொல்கிறது. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை பக்கத்தில்தானே என்கிறார்கள்.

வில்லியனூர் வாசி:
மொலாசஸில் சர்க்கரை உண்டு, பெப்டோன் தரும் நைட்ரஜன் கிடையாது. அது கிளிசராலுக்கு மாற்று. பெப்டோனுக்கு சோயா மாவைப் பாருங்கள். மொலாசஸின் சர்க்கரையும் சாம்பலும் லோடுக்கு லோடு மாறும், ஒவ்வொன்றையும் சோதித்தே எடுக்கவேண்டும். சில்லரும் செல் வங்கியும் சரியாகி, மூன்று பேட்ச் தொடர்ந்து ஒரே மாதிரி வந்தபிறகு மாற்றுங்கள். ஷெல்ஃப் லைஃப் சோதனை அதற்கும் பிறகுதான்.