மறு: ‘ஸ்ட்ரீமர்’ தூண்டில் முள்ளின் உறுப்புகளுக்குத் தமிழ்ச்சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

செயற்கை ஈக்களைக் கொண்டு மீன்பிடிப்பது குறித்த கையேடொன்றை மொழிபெயர்த்து வருகிறேன். ‘ஸ்ட்ரீமர்’ வகைக்கான முட்களைத் தேர்ந்தெடுப்பதையும் பராமரிப்பதையும் விளக்கும் இயலை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். ஸ்ட்ரீமர் பெயரளவில் ஈயே தவிர, சிறுமீனையோ அட்டையையோ போல நீருக்குள் நெளிந்து செல்லும்படி நீண்ட இறகும் மயிரும் சேர்த்து முள்ளின்மேல் கட்டப்படுவது. அதற்கு ‘நெளியிரை’ என்று வைத்திருக்கிறேன். நரம்பைக் கோக்கும் துளையைக் ‘காது’ என்றும், அதிலிருந்து வளைவுவரை செல்லும் நேர்ப்பகுதியைத் ‘தண்டு’ என்றும், முனைக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட அகலத்தை ‘வாய்’ என்றும், முனைக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூரை ‘எதிர்முள்’ என்றும் எழுதியுள்ளேன். பிழையிருப்பின் திருத்த வேண்டுகிறேன்.

* * *

ஐயா, வணக்கம்.

‘நெளியிரை’ நல்ல சொல். வினைத்தொகையாதலால் நெளிந்த, நெளிகின்ற, நெளியும் என முக்காலமும் அதில் அடங்கிவிடுகின்றன. ‘தண்டு’ என்பதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. பூவைத் தாங்கும் காம்புக்கும் உடலைத் தாங்கும் காலுக்கும் ‘தாள்’ என்ற ஒரே சொல்லை நம் முன்னோர் ஆண்டார்கள். நெளியிரையின் உடல் முழுவதையும் தாங்கும் பகுதிக்கு அதைவிடப் பொருந்தும் சொல் வேறில்லை.

‘முள்’ என்பதையும் மறுபரிசீலனை செய்யலாம். சூதைக் கடிந்துரைக்கும் வள்ளுவர் ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று’ (குறள் 931) என்கிறார். அங்கே பொன் என்றது இரையால் மறைக்கப்பட்ட இரும்பை என்பது பரிமேலழகர் கொள்ளும் பொருள். இறகுக்குள் எஃகை மறைத்துக் கட்டும் நெளியிரைக்கு இதைவிட நெருக்கமான சொல் கிடைக்குமா? நீண்ட தண்டுடைய முள்ளை ‘நெடுந்தாட்பொன்’ என்று துணிந்து எழுதுங்கள்.

* * *

அன்புடையீர், வணக்கம்.

பல ஆண்டுகளாக நெளியிரை கட்டுபவன் என்ற முறையில் எழுதுகிறேன். ‘நெடுந்தாள் முள்’ என்பதை, கட்டப் பழகிவரும் மூவரிடம் வாசித்துக் காட்டினேன். மூவரும் நீளமான காகிதத்தையே நினைத்தார்கள். பழம்பொருள் எவ்வளவு அழகியதானாலும், இன்றைய பொருள் முந்திக்கொண்டு வந்து நிற்கும்போது கையேட்டில் அதற்கு இடமில்லை. தண்டு என்றே இருக்கட்டும்.

நான் வாதிட விரும்புவது ‘வாய்’, ‘எதிர்முள்’ என்ற இரண்டைப் பற்றித்தான். நெளியிரையின் தலையை மான்மயிரால் அடர்த்தியாகக் கட்டினால், அது முனைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள வெளியை அடைத்துவிடும்; மீன் கவ்வினாலும் முனை தைக்காது. ஆகவே அத்தகைய தலைக்கு அகன்ற வெளியுள்ள முள்ளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை ‘வாய் அகன்ற முள்’ என்று ஓரிடத்திலும், அடுத்த வரியிலேயே ‘மீனின் வாயில்’ என்றும் எழுதினால், எந்த வாயைச் சொல்கிறோம் என்று படிப்பவர் தடுமாறுவார். ‘கவ்வகலம்’ என்று முன்மொழிகிறேன். கவ்வு முற்றியலுகரம் ஆயிற்றே, அதன் உகரம் கெடுமா என்று கேட்பவர்களுக்கு, ‘முற்றும் அற்று ஒரோவழி’ என்று நன்னூலே இடம் தருகிறது. கதவழகு என்பதைப் போலக் கொள்க.

‘எதிர்முள்’ இன்னும் சிக்கலானது. முழுக் கருவிக்கே முள் என்று பெயரிருக்க, முள்ளின் முள் என்பது எப்படித் தெளிவாகும்? மீனை நீரில் திரும்ப விடுபவர்கள் இந்தச் சிறு கூரைக் குறட்டால் அழுத்திப் படியவைப்பார்கள். அவசரத்தில் ஒருவர் ‘முள்ளை நசுக்கவும்’ என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? முள் செய்யும்போது கம்பியை வாள்போன்ற அலகால் சற்றே சீவி, சீவிய பகுதியை நிமிர்த்தித்தான் இந்த உறுப்பை உண்டாக்குகிறார்கள். ஆகவே ‘சீவல்’ என்பதே அதன் பிறப்பைச் சொல்லும் பெயர். குறட்டின் அலகை முனையோடு சேர்த்து வைத்து மெல்ல அழுத்தினால் சீவல் படிந்து, விரலில் ஒரு சிறு மேடாக மட்டும் தட்டுப்படும். ஓங்கி அழுத்தினால் முனையே ஒடிந்துவிடும்.

‘8 அளவு முள்’ என்று எழுதாதீர்கள். ‘8ஆம் எண் முள்’ என்று எழுதுங்கள். இங்கே எண் கூடக்கூட முள் சிறுத்துக்கொண்டே போகும். 1ஐத் தாண்டி 1/0, 2/0 என்று செல்லும்போதுதான் எண்ணோடு முள்ளும் பெரிதாகிறது. தண்டின் நீளத்தைக் குறிக்கும் 3 எக்ஸ், 4 எக்ஸ் என்பவற்றை அப்படியே விடலாம். நீண்ட தண்டு, பிடிபட்ட மீனுக்கு நெம்புகோலாகப் பயன்பட்டு முள்ளைக் கழற்ற உதவிவிடும் என்ற எச்சரிக்கையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதனால்தான் சிலர் இரண்டு குறுந்தண்டுகளை இணைத்து நெளியிரை கட்டுகிறார்கள்.

பராமரிப்புப் பகுதியில் ‘கூர்மையைச் சோதிக்கவும்’ என்று மட்டும் எழுதினால் போதாது. கட்டைவிரல் நகத்தின்மேல் முனையை அழுத்தாமல் வைத்து இழுத்தால், கூரிய முனை பற்றி நிற்கும். மழுங்கியது வழுக்கிப் போகும். அரத்தால் மிகையாகத் தீட்டினால் மேற்பூச்சு போய்த் துரு ஏறும். நனைந்த நெளியிரையை உலர்த்தாமல் பெட்டியில் மூடினால், மயிருக்குள் தங்கிய ஈரம் வெளியே தெரியாமலேயே தண்டைத் தின்றுவிடும்.

* * *

இருவருக்கும் நன்றி. மற்றவர்கள் தனிமடலில் தெரிவித்தவற்றையும் சேர்த்துப் பார்த்ததில் நெளியிரை, தண்டு, கவ்வகலம் ஆகியவற்றைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். ‘சீவல்’ பற்றி ஒருமித்த கருத்து இல்லை. நாளை ஒப்படைக்க வேண்டியிருப்பதால், முதலில் வரும் இடத்தில் ‘சீவல் எனும் எதிர்முள்’ என்றும், பிறகு ‘சீவல்’ என்றும் எழுதுகிறேன்.

* * *

ஐயா, பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆயினும் தாள் என்ற சொல் காகிதத்திடம் தோற்றுப்போனதை என் மனம் ஏற்கவில்லை. சொல்லடைவில் ‘தண்டு, தாள்’ என்று இரண்டையும் சேர்த்தாவது அச்சிடுங்கள்.